எல்2-வில் விழும் பேஜ் ஃபால்ட் யாருடையது?

கேள்வியின் சாரம் இது. அடியில் லினக்ஸ் கேவிஎம், அதாவது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்). அதன் மேல் ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்); அதற்குள் நீங்களே எழுதிய சிறிய ஹைப்பர்வைசர்; அதற்குள் இன்னொரு லினக்ஸ். உள்ளே இருக்கும் லினக்ஸில் நடக்கும் பேஜ் ஃபால்ட்டுகளை (கேட்ட மெமரிப் பக்கத்தை அணுக முடியாதபோது புராசசர் எழுப்பும் எக்செப்ஷன்) உங்கள் ஹைப்பர்வைசர் பிடிக்கிறது, ஒரு வரி குறித்துக்கொள்கிறது, பிறகு அப்படியே திருப்பி உள்ளே அனுப்புகிறது. ஆனால் உள்ளே ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஃபால்ட் ஆகிறது. சில நேரம் சம்பந்தமே இல்லாத முகவரியைக் காட்டி ஏதோ ஒரு புரோகிராம் சாகிறது. எப்போதாவது டைமர் நின்றுபோன மாதிரி எல்லாம் உறைந்துவிடுகிறது. தனியாக ஒரு இயந்திரம் இல்லாததால் நேரடியாக ஓட்டிப் பார்க்கவில்லை. கோளாறு கேவிஎம்மில்தானா என்று கேட்கிறீர்கள்.

கேவிஎம்மைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. இந்த மூலையில் அதற்குப் பழைய கணக்குகள் நிறையவே உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் இந்த அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டு தவறுகள் நடக்கின்றன, இரண்டும் உங்கள் கோடில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டையும் நான் வேறு வேறு காலத்தில் செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன். இன்டெல்லின் விர்ச்சுவலைசேஷன் வசதியான விஎம்எக்ஸை வைத்தே பேசுகிறேன். ஏஎம்டி மாறுபடும் இடத்தில் மட்டும் அதைத் தொடுகிறேன்.

நிஜ இயந்திரத்தில் ஓடும் கேவிஎம் எல்0. உங்கள் ஹைப்பர்வைசர் எல்1. உள்ளே இருக்கும் லினக்ஸ் எல்2. இந்தப் பெயர்கள் நாம் வைத்துக்கொண்டவை. புராசசருக்கு மூன்று அடுக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு ஹைப்பர்வைசர், அது ஓட்டும் ஒரு கெஸ்ட், அவ்வளவுதான். எல்2 ஓடும்போது என்ன நடந்து வெளியே வந்தாலும் புராசசர் முதலில் எல்0-வின் வாசலில்தான் கொண்டுவந்து விடும். எல்1-க்குப் போக வேண்டியது என்றால் எல்0 அதை எல்1-க்குக் கைமாற்ற வேண்டும், அதுவும் நிஜ புராசசரே நேராகக் கொடுத்தது போல. இன்டெல் புராசசரில் இதை முறையாகச் செய்துகாட்டியது 2010-இல் வெளிவந்த ஐபிஎம் ஹைஃபா ஆய்வகத்தின் டர்ட்டில்ஸ் திட்டம். ஆமை மேல் ஆமை, அந்தப் பெயர்க்காரணம்தான்.

இதற்காக எல்0 மூன்று விஎம்சிஎஸ் (கெஸ்ட்டை எப்படி ஓட்டுவது என்று புராசசருக்குச் சொல்லும் பதிவு) வைத்துக்கொள்கிறது. எல்1-ஐ ஓட்டத் தான் பயன்படுத்துவது 01. எல்2-வை ஓட்ட எல்1 எழுதிவைத்தது 12. இது புராசசர் பார்க்காத வெறும் மெமரி. இந்த இரண்டின் விருப்பங்களையும் கலந்து எல்0 தயாரித்து, புராசசர் உண்மையில் எல்2-வை ஓட்டப் பார்ப்பது 02. எக்செப்ஷன் விவகாரம் முழுவதும் இந்தக் கலப்பில் ஆரம்பிக்கிறது.

விஎம்சிஎஸ்ஸில் எக்செப்ஷன் பிட்மேப் என்று 32 பிட் புலம் ஒன்று இருக்கிறது. எந்த வெக்டரின் (எக்செப்ஷனின் எண்) பிட் 1-ஆக இருக்கிறதோ அந்த எக்செப்ஷன் விழுந்தால் கெஸ்ட் வெளியே வரும். 0 என்றால் கெஸ்ட்டின் ஐடிடி (எந்த எக்செப்ஷனுக்கு எந்தக் கோடு ஓட வேண்டும் என்ற அட்டவணை) வழியாகக் கெஸ்ட்டிடமே போகும், ஹைப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது. கலப்பது சுலபம்: எல்0-வுக்கு வேண்டியதும் எல்1-க்கு வேண்டியதும் சேர்த்து ஓஆர் போட்டால் போதும். வெளியே வந்த பிறகு யாருடையது என்று பிரித்துக்கொள்ளலாம்.

பேஜ் ஃபால்ட் மட்டும் இந்த வரிசையில் சேராது. அதற்குரிய 14-ஆம் பிட்டுக்குத் துணையாக மாஸ்க், மேட்ச் என்று இன்னும் இரண்டு புலங்கள். ஃபால்ட்டின் எரர் கோடை மாஸ்க்குடன் ஆண்ட் செய்து மேட்ச்சுடன் ஒப்பிடும். பொருந்தினால் 14-ஆம் பிட் சொன்னபடி நடக்கும். பொருந்தாவிட்டால் பிட் சொன்னதற்கு நேர்மாறாக நடக்கும். அதாவது பிட் 0-ஆக இருந்தும் பேஜ் ஃபால்ட் உங்களிடம் வந்து நிற்கலாம். இரண்டு அடுக்குகளின் மாஸ்க்கை ஓஆர் செய்தால் யாருக்கும் வேண்டாத ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். கேவிஎம் இதை நேர்மையாகத் தீர்க்கிறது: ஈபிடி (கெஸ்ட்டின் முகவரியை நிஜ மெமரி முகவரியாக மாற்ற ஹைப்பர்வைசர் வைக்கும் இரண்டாவது பேஜ் டேபிள்) இருந்து, தனக்குப் பேஜ் ஃபால்ட் வேண்டாம் என்றால் எல்1 எழுதிய மாஸ்க், மேட்ச்சையே 02-வில் வைத்துவிடும். தனக்கும் வேண்டும் என்றால் இரண்டையும் 0 ஆக்கி எல்லா ஃபால்ட்டையும் பிடித்து, எல்1 உண்மையில் கேட்டிருக்குமா என்று மென்பொருளிலேயே கணக்குப் போடும். உங்கள் கோடில் மாஸ்க், மேட்ச் இரண்டையும் 0 என்று எழுதியிருக்கிறீர்களா என்று ஒரு முறை பாருங்கள். அவை குப்பை மதிப்போடு இருந்தால் சில ஃபால்ட் வரும், சில வராது. அதன் பின்னால் ஒரு வாரம் அலையலாம்.

அப்புறம், உரிமை கேட்பது எல்1 மட்டும் அல்ல. யாரும் கேட்காவிட்டாலும் எல்0 கட்டாயம் பிடிக்க வேண்டிய எக்செப்ஷன்கள் உண்டு. 2015 நவம்பரில் வெளியான இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் இதற்கு நல்ல பாடம்: சிவிஇ-2015-5307, சிவிஇ-2015-8104. முதலாவது 17-ஆம் வெக்டர், அலைன்மெண்ட் செக். கெஸ்ட் தன் ஐடிடியையும் ஸ்டாக்கையும் விஷமமாக அமைத்தால், அந்த எக்செப்ஷனை டெலிவர் செய்யும் வேலையே இன்னொரு அலைன்மெண்ட் செக்கை எழுப்பும். அதை டெலிவர் செய்தால் இன்னொன்று. இந்தச் சுற்று மைக்ரோகோடுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் கூட முடிவதில்லை, அதனால் வெளி இண்டரப்ட்டும் உள்ளே நுழைய முடியாது. கெஸ்ட்டுக்குள் இருக்கும் ஒருவர் நிஜ சிபியு கோர் ஒன்றையே உறைய வைத்துவிடலாம். இரண்டாவது ஓட்டை 1-ஆம் வெக்டரான டீபக் எக்செப்ஷனில் இதே கதை. தீர்வு ஒன்றுதான்: ஹைப்பர்வைசர் இந்த இரண்டையும் எப்போதும் பிடிப்பது. பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வரும், சங்கிலி அறுந்துவிடும்.

நெஸ்டட்டில், அதாவது ஹைப்பர்வைசருக்குள் ஹைப்பர்வைசர் ஓடும்போது, இதன் பொருள் என்ன? எல்1 இந்த வெக்டர்களைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் 02-வின் பிட்மேப்பில் எல்0 அவற்றை வைத்தே தீரும். எல்2-வில் ஒன்று விழுந்து எல்0-விடம் வந்தால், எல்1 கேட்காததால் எல்1-க்கு அனுப்பக் கூடாது. எல்0-வே அதைத் திரும்ப எல்2-வுக்குள் செலுத்த வேண்டும். இடையில் ஒன்று நடந்தது எல்1-க்குத் தெரியவே கூடாது. 'எனக்கு வேண்டும்' என்பதும் 'எல்1-க்கு வேண்டும்' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். கேவிஎம் கோடிலும் இவை இரண்டு தனி ஃபங்ஷன்களாகவே இருக்கின்றன. முதலில் எல்0-வுக்கு வேண்டுமா என்று பார்க்கும். இல்லையென்றால் எல்1-க்கு வேண்டுமா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் எல்0-வே கவனித்துக்கொள்ளும். என்எம்ஐ (தடுக்க முடியாத இண்டரப்ட்) வந்தால் கேள்வியே இல்லை, அது நிஜ இயந்திரத்தினுடையது, எல்0-வுக்குத்தான்.

ஈபிடி வயலேஷனும் பேஜ் ஃபால்ட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேஜ் ஃபால்ட் எல்2-வின் சொந்தப் பேஜ் டேபிளில் வந்த சிக்கல், எக்ஸிட் காரணம் 0. ஈபிடி வயலேஷன் அதற்குக் கீழே உள்ள அட்டவணையில் வந்த சிக்கல், எக்ஸிட் காரணம் 48. இரண்டாவது வந்தால் எல்0 முதலில் எல்1 எழுதிய ஈபிடியை நடந்து பார்க்கும். எல்1 அந்தப் பக்கத்தை மேப் செய்யவில்லை என்றால் எல்1-க்கு அனுப்பும். செய்திருந்தால் தன் கலப்பு அட்டவணையை மட்டும் நிரப்பிவிட்டு எல்2-வை மறுபடி ஓட்டும்.

இனி உங்கள் முதல் இரண்டு அறிகுறிகளுக்கு வருவோம்.

சாதாரணமாகப் பேஜ் ஃபால்ட் வந்தால் புராசசர் ஃபால்ட் ஆன முகவரியை சிஆர்2 என்ற ரெஜிஸ்டரில் எழுதும். கெர்னல் அதைப் படித்துத்தான் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறது. ஆனால் பிட்மேப்பில் பிடிபட்டு நேராக வெளியே வந்த பேஜ் ஃபால்ட், சிஆர்2-வைத் தொடாது. முகவரி எக்ஸிட் குவாலிஃபிகேஷன் புலத்தில் இருக்கும். டீபக் எக்செப்ஷனும் அப்படித்தான்: அதன் ரெஜிஸ்டரான டிஆர்6 மாறாது, விவரம் குவாலிஃபிகேஷனில் வரும். கெஸ்ட்டின் பார்வையில் அந்த எக்செப்ஷன் இன்னும் நடக்கவே இல்லை, அதனால் அதன் தடயமும் இருக்கக் கூடாது. இதுதான் நியாயம்.

இப்போது எல்1 அதைத் திருப்பி உள்ளே செலுத்துகிறது. விஎம்-என்ட்ரி புலத்தில் வெக்டர் 14, வகை 3, எரர் கோடு எல்லாம் எழுதிவிட்டு ரெஸ்யூம் (கெஸ்ட்டை மறுபடி ஓட்டும் இன்ஸ்ட்ரக்ஷன்) கொடுக்கிறது. புராசசர் அதை எல்2-வின் ஐடிடி வழியாக அனுப்பும். சிஆர்2? அதை என்ட்ரி எழுதாது. இன்டெல்லின் விஎம்சிஎஸ்ஸில் சிஆர்2-வுக்கு இடமே இல்லை. எல்1-தான் ரெஸ்யூமுக்கு முன்னால் தன் கையால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்2 கெர்னல் பழைய சிஆர்2-வைப் படிக்கும், வேறு ஏதோ பக்கத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும், அதே இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஃபால்ட் ஆகும். அந்தப் பழைய முகவரி செல்லாத ஒன்றாக இருந்தால் புராசஸைக் கொன்றுவிடும். நீங்கள் சொன்ன முதல் இரண்டு அறிகுறியும் இதுதான். ஏஎம்டியில் விஎம்சிஎஸ்ஸுக்கு இணையான விஎம்சிபிக்குள்ளேயே சிஆர்2-வுக்குப் புலம் உண்டு, அங்கே எழுதினால் போதும். ஏஎம்டி கோடை முன்மாதிரியாக வைத்து இன்டெல்லுக்கு எழுதுபவர்கள் இந்த வரியைத் தவறவிடுவது சகஜம்.

சிஆர்2-வை எழுதிய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. எல்1-ம் எல்2-வும் ஒரே சிஆர்2-வைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. நிஜ இயந்திரத்தில் அப்படித்தான் என்பதால் கேவிஎம்மும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பைத்தான் வைத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதிய பிறகு, ரெஸ்யூமுக்கு முன்னால், உங்கள் ஹைப்பர்வைசரின் கோடிலேயே ஒரு பேஜ் ஃபால்ட் வந்தால் போச்சு, அது அடித்து எழுதிவிடும். நான் ஒரு முறை சிஆர்2-வைச் சரியாக எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் லாக் எழுதும் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தேன். லாக் பஃபர் புதிய பக்கத்துக்குத் தாவும்போது மட்டும் ஃபால்ட் ஆகும். ஆயிரத்தில் ஒரு முறை எல்2 செத்தது. அசெம்பிளியில் ரெஸ்யூமுக்கு ஒட்டி முந்தைய இடத்தில் எழுதுங்கள், நடுவில் வேறு எதுவும் வேண்டாம்.

கேவிஎம்முக்கும் இதே இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்று சொன்னேனே. எல்2-வுக்கு ஒரு பேஜ் ஃபால்ட்டை எல்0-வே உருவாக்க வேண்டிய நேரம் வரும், கெஸ்ட்டின் இன்ஸ்ட்ரக்ஷனை மென்பொருளில் செய்துகாட்டும் எமுலேட்டர் ஓடும்போது. முன்பு கேவிஎம் ஃபால்ட்டை வரிசையில் வைத்த கணமே சிஆர்2-வை மாற்றிவிடும். அது எல்1-க்கு எக்ஸிட்டாகப் போகிறதா எல்2-வுக்கு நேராகப் போகிறதா என்பது பிறகுதான் முடிவாகும். எல்1-க்குப் போனால் சிஆர்2 மாறியிருக்கவே கூடாதே! தப்பு என்று அவர்களுக்கே தெரியும். கோடில் குறிப்பெழுதி வைத்திருந்தார்கள். லினக்ஸ் 4.20-இல் முகவரியை ஒரு தனிப் பொட்டலமாக எக்செப்ஷனோடு சேர்த்து வைத்து, டெலிவர் செய்யும்போது மட்டும் சிஆர்2-வில் எழுதும் முறை வந்தது. டிஆர்6-க்கும் அதுவே.

இதன் அடியில் இருக்கும் வேறுபாட்டை மனதில் ஏற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு எக்செப்ஷன் 'பெண்டிங்' ஆக இருக்கலாம், அல்லது 'இன்ஜெக்டட்' ஆக இருக்கலாம். பெண்டிங் என்றால் எழுந்திருக்கிறது, யாருக்கு என்று இன்னும் தீர்மானமாகவில்லை. எல்1 அதைத் தடுத்து வாங்கலாம். இன்ஜெக்டட் என்றால் தீர்மானம் முடிந்துவிட்டது, எல்2-வுக்குத்தான்; டெலிவரி பாதியில் தடைப்பட்டாலும் மறுபடி எல்2-வுக்கே செலுத்த வேண்டும், எல்1-இடம் இரண்டாவது முறை கேட்கக் கூடாது. முகூர்த்தம் முடிந்த பிறகு சம்மதம் கேட்பது போல ஆகிவிடும் அது. நீண்ட காலம் கேவிஎம் எல்1-இன் விருப்பத்தைச் செலுத்தும் நேரத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதனால் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு எக்செப்ஷன் வந்தால், எல்1 முதலாவதைக் கேட்டிருந்தும் இரண்டும் கலந்து டபுள் ஃபால்ட்டாக மாறிவிடும் அபாயம் இருந்தது. லினக்ஸ் 6.1-இல் இதைப் புரட்டிப்போட்டார்கள்: எக்செப்ஷன் வரிசைக்கு வரும்போதே எல்1 கேட்டிருக்கிறதா என்று பார்த்து, கேட்டிருந்தால் அங்கேயே அதை விஎம்-எக்ஸிட்டாக மாற்றிவைத்துவிடுகிறது. இந்தத் துறையில் நான் பார்த்த நல்ல சீரமைப்புகளில் அது ஒன்று. உங்கள் எல்0 கெர்னல் அதற்கு முந்தையது என்றால் மேம்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பிழை அதனால் தீராது.

மூன்றாவது அறிகுறி, உறைந்துபோவது. எல்2-வுக்கு ஒரு இண்டரப்ட்டோ எக்செப்ஷனோ டெலிவர் ஆகிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். புராசசர் எல்2-வின் ஸ்டாக்கில் ஆர்ஐபி (இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி), ஃபிளாக்ஸ் எல்லாம் தள்ள வேண்டும். அந்த ஸ்டாக் பக்கத்தை உங்கள் ஈபிடியில் இன்னும் மேப் செய்யவில்லை. டெலிவரி பாதியில் நிற்கும், ஈபிடி வயலேஷன் என்று வெளியே வரும். எக்ஸிட் காரணம் 48 என்று பார்த்து, பக்கத்தை மேப் செய்து, ரெஸ்யூம் கொடுத்தால், பாதியில் நின்ற அந்த நிகழ்வு காற்றில் போய்விடும். புராசசர் அதை ஐடிடி-வெக்டரிங் புலத்தில் குறித்துவைத்திருக்கும். 31-ஆம் பிட் 1 என்றால் அதில் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து நீங்கள்தான் திருப்பிச் செலுத்த வேண்டும்.

இதில் தந்திரமான விஷயம், பேஜ் ஃபால்ட் தொலைந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும், மறுபடி ஃபால்ட் ஆகும், எல்லாம் சுகம். ஆனால் டைமர் இண்டரப்ட் தொலைந்தால் தொலைந்ததுதான். இண்டரப்ட்டுகளை ஒப்படைக்கும் எல்ஏபிக் அதை ஒப்படைத்துவிட்டதாகவே கணக்கு வைத்திருக்கும், எல்2 முடிவுச் செய்தி அனுப்பும் என்று காத்திருக்கும். உங்கள் 'டைமர் நின்ற மாதிரி' அனேகமாக இதுவே. இப்படித் திருப்பிச் செலுத்தும்போது சிஆர்2 விதி தலைகீழ் என்பதையும் கவனியுங்கள்: பாதி டெலிவரியில் நின்ற பேஜ் ஃபால்ட், சிஆர்2-வை ஏற்கெனவே எழுதியிருக்கும். அங்கே உங்கள் வேலை அதைக் கெடுக்காமல் காப்பது.

எல்0-வும் இதே பாரத்தைச் சுமக்கிறது, இரட்டிப்பாக. எல்1 செலுத்தச் சொன்ன நிகழ்வை 02-வுக்குக் கொண்டுபோகிறது. எல்2-வுக்குள் நுழைந்த கணமே எல்0-வின் கலப்பு அட்டவணையில் பக்கம் இல்லை என்று வெளியே வருகிறது. தானே சரிசெய்ய முடிந்தால் சத்தமில்லாமல் மறுபடி செலுத்தும். எல்1-க்கு அனுப்ப வேண்டியது என்றால் பாதியில் நின்றதை 12-இன் ஐடிடி-வெக்டரிங் புலத்தில் எழுதி அனுப்பும். இன்னொன்று: எல்1 ரெஸ்யூம் கொடுத்துவிட்டால், அதற்குள் வேறு அவசரம் வந்தாலும் எல்2-வுக்குள் ஒரு முறையாவது நுழைந்த பிறகுதான் எல்1-க்கு எக்ஸிட் காட்டலாம். இல்லாவிட்டால் எல்1 செலுத்திய நிகழ்வு நடக்காமலேயே எக்ஸிட் வந்ததாகிவிடும். கேவிஎம் அதற்கென்றே ஒரு கொடி வைத்திருக்கிறது. அது ஏறியிருக்கும்போது உள்ளே போய் உடனே வெளியே வருவதற்கு ஏற்பாடு செய்துகொள்கிறது.

டபுள் ஃபால்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வெக்டரிங்கைக் கவனிக்க ஆரம்பித்ததும் அதில்தான் இடறுவீர்கள். பேஜ் ஃபால்ட்டை டெலிவர் செய்யும்போது இன்னொரு பேஜ் ஃபால்ட் வந்து அதை நீங்கள் பிடித்தால், இரண்டாவதை மட்டும் செலுத்துவது தவறு. டபுள் ஃபால்ட்டான 8-ஆம் வெக்டரைச் செலுத்த வேண்டும். பொதுப் பாதுகாப்பு ஃபால்ட்டின் மேல் இன்னொரு பொதுப் பாதுகாப்பு ஃபால்ட் வந்தாலும் அப்படியே. ஆனால் முதலில் பொதுப் பாதுகாப்பு, அதன் டெலிவரியில் பேஜ் ஃபால்ட் என்றால் டபுள் ஃபால்ட் அல்ல, பேஜ் ஃபால்ட்டை மட்டும் செலுத்த வேண்டும். டபுள் ஃபால்ட்டின் டெலிவரியிலும் ஃபால்ட் ஆனால் டிரிபிள் ஃபால்ட்: எக்ஸிட் காரணம் 2, பிட்மேப்பைக் கேட்காது. எல்2-வின் டிரிபிள் ஃபால்ட் எல்1-க்குப் போகும் ஒரு செய்தி. அதற்காக எல்0, எல்1-ஐச் சாகடிக்கக் கூடாது.

திருப்பிச் செலுத்தும்போது எக்ஸிட்டில் வந்த புலத்தை அப்படியே என்ட்ரி புலத்தில் ஒட்டாதீர்கள். 12-ஆம் பிட்டுக்கு எக்ஸிட்டில் ஒரு பொருள் உண்டு, என்ட்ரியில் 12 முதல் 30 வரை 0-ஆக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் என்ட்ரி பிழை எண் 7-உடன் திரும்பும். கேவிஎம்மும் அதே கண்டிப்போடு பிழை 7 கொடுக்கும். எரர் கோடு இருந்தால் தனிப் புலத்தில் நகலெடுங்கள். இன்ட்3 போன்ற மென்பொருள் எக்செப்ஷன் என்றால் இன்ஸ்ட்ரக்ஷன் நீளத்தையும் எழுதுங்கள்.

கேவிஎம்தான் குற்றவாளியா என்று உறுதி செய்ய ஒரு வழி. எல்0-வில் கேவிஎம்மின் டிரேஸ் பாயிண்ட்டுகளை (நடப்பதைப் பதிவு செய்யும் இடங்கள்) இயக்குங்கள். எல்1-க்கு எக்ஸிட் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு முறையும் 'நெஸ்டட் விஎம்-எக்ஸிட் இன்ஜெக்ட்' என்று ஒரு வரி விழும். காரணம் எக்செப்ஷன் என்று இருக்கும் வரிகளில் முதல் தகவல் எண் எல்1 பார்க்கப்போகும் குவாலிஃபிகேஷன், அதாவது ஃபால்ட் முகவரி. அதை உங்கள் எல்1 குறித்த முகவரியோடும், எல்2 லினக்ஸ் சாகும்போது அச்சிட்ட முகவரியோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போய் மூன்றாவது மட்டும் முந்தைய ஃபால்ட்டின் முகவரியாக இருந்தால், ரெஸ்யூமுக்கு முன்னால் சிஆர்2-வில் எழுதும் ஒரு வரிதான் பாக்கி. முதல் இரண்டே ஒத்துப்போகவில்லை என்றால் அந்த டிரேஸையும் எல்0 கெர்னல் பதிப்பையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கலாம்.